நானூற்றுப் பன்னிரண்டு இடங்கள்

மார்ச் 4
ஃபோர்ட்ரான் கணினி மொழி பற்றி நான் எழுதிய பாடநூல் ஐந்தாம் பதிப்புக்குப் போகிறது. புது அத்தியாயங்கள் என் பழைய மாணவனுடையவை; இப்போது அவன் துறைத் தலைவர். பதிப்பகத்திலிருந்து ஒரு குறிப்பு: ஆங்கிலத்தில் மொழியின் பெயர் வரும் இடமெல்லாம் இனி முதலெழுத்து மட்டும் பெரியதாம். நான் முழுப் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதிப் பழகியவன். அந்தக் காலத்தில் நிரல் எழுத நாங்கள் அட்டை துளைத்த இயந்திரத்தில் சின்ன எழுத்தே கிடையாது.

மார்ச் 6
மூன்று பக்கக் கடிதம் எழுதினேன். மொழியின் ஃபோர்ட்ரான் 77 வடிவம் வரை பழைய எழுத்து முறை, அடுத்து வந்த 90 முதல் புதியது. அந்தந்தக் காலத்துக்கு அந்தந்த எழுத்து நிற்கட்டும் என்று. கடுமையாகிவிட்டதோ? இரண்டு இடத்தில் 'தயவுசெய்து' சேர்த்தேன்.

மார்ச் 11
ஒப்புக்கொண்டார்கள். எந்த இடத்தில் எது என்று நானே குறித்துத் தர வேண்டும். நானூற்றுப் பன்னிரண்டு இடங்கள்.

மார்ச் 23
குறித்து முடித்தேன். மேலட்டையின் மாதிரி வந்தது. அவன் பெயர் மட்டும் இருக்கிறது. என் பெயர் உள்ளே, தலைப்புப் பக்கத்தில் இருக்கும் —

மார்ச் 24
இல்லை.
மனைவி சொன்னாள்: "ஒரு மொழியோட பேருக்கு மூணு பக்கம் சண்டை போட்டீங்க. சொந்தப் பேருக்கு ஒரு வரி எழுதக் கை வரலையா?"
அவனுக்கு ஃபோன் செய்தேன். "சொல்லுங்க சார்" என்றான், கனிவாகத்தான். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு காற்புள்ளி பற்றிக் கேட்டேன். "உங்களை மாதிரி நுணுக்கமாப் பாக்க இப்ப ஆளே இல்ல சார்" என்றான். நன்றி சொல்லி வைத்துவிட்டேன். நன்றியாம். எதுக்குடா நன்றி சொன்னே, மானங்கெட்டவனே?

மார்ச் 25
ஒருவேளை பெரும்பகுதி அவனுடையதுதானோ? எண்ணிப் பார்த்தேன். பதினாறு அத்தியாயங்களில் பதினொன்று என்னுடையவை. மறுபடி எண்ணினேன்.

ஏப்ரல் 2
கடிதம் எழுதினேன். கிழித்தேன்.

ஜூன் 19
புத்தகம் வந்தது. நன்றியுரையின் கடைசி வரியில் நான்: மெய்ப்புப் பார்த்து உதவியவர். மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினாள். விரல் வைத்துக் காட்டினேன். அவள் புத்தகத்தை மூடி என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். கேலியாவது செய்திருக்கலாம்.
பிறகு மொழியின் பெயர் வரும் இடங்களைச் சரிபார்த்தேன். ஒன்றுகூடத் தவறவில்லை.

ஜூன் 24
அவனுடைய அடுத்த நூலுக்கும் மெய்ப்புப் பார்க்க முடியுமா என்று பதிப்பகத்தார் கேட்டிருக்கிறார்கள். மனைவி குளித்துவிட்டு வருவதற்குள் 'ஆகட்டும்' என்று பதில் போட்டுவிட்டேன்.