கனமான ரிவால்வரும் சைக்கிள் டியூப் துண்டும்

இடமாறுதல் உத்தரவு வந்துவிட்டதடி. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம். டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தபோது பழைய தொப்பிக்குள்ளிருந்து ஒரு சைக்கிள் டியூப் துண்டு விழுந்தது. விறைத்துப் போயிருந்தாலும் முகர்ந்தால் இன்னும் ரப்பரோடு துப்பாக்கி எண்ணெய் வாசம். என் வீட்டுக்காரர் குப்பை என்று நினைத்துக் கையை நீட்டினார். பிடுங்கிக்கொண்டேன். நீ போய் இரண்டு வருஷமாகிறது. உன்னுடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

நாம் இருவரும் சப்-இன்ஸ்பெக்டர் ஆன புதிது. ஸ்டேஷனில் நம் கைக்குக் கிடைத்த ஒரே ஆயுதம் பேனா. அந்த வருஷம்தான் துப்பாக்கி சுடும் போட்டியில், ரிவால்வர் பிரிவுக்குப் பெண்கள் அணியும் போகலாம் என்றார்கள். அணிக்கு இரண்டு பேர். தேர்வில் ஒருத்தி தோற்றாலும் அணியே கிடையாது. இரண்டு பேரும் பேனாவுக்குத் திரும்பவேண்டியதுதான். பெயர் கொடுத்தது நீ ஒருத்திதான். என் பெயரையும் நீயே எழுதிவிட்டுப் பிறகு சொன்னாய்.

ஆயுதக் கிடங்கு ஏட்டையா மேசையில் துணி விரித்து மூன்று ரிவால்வர்களை வைத்தார். "சின்னது லேசா இருக்கும், உங்களுக்குத் தோதா இருக்கும் மேடம். பெருசு பக்கம் போவாதீங்க. தோள்பட்டையைக் கழட்டிடும்."

நான் சின்னதை எடுத்தேன். என் கைப்பைக்கு அளவெடுத்துச் செய்தது போலிருந்தது. புடவை எடுக்கிற கண்ணால் துப்பாக்கி எடுத்தவள் என்று என்னைப் பற்றி நீ ஊரெல்லாம் சொன்னதை நான் மறுக்கவே முடியாது.

நீ அவசரப்படவில்லை. ஒவ்வொன்றின் உருளையையும் திறந்து, தோட்டா அறைகள் காலியா என்று பார்த்தாய். கையை நீட்டிப் பிடித்து, சுடும் விசைக்கு விரல் எட்டுகிறதா, கை நடுங்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தாய். கடைசியில் எடுத்தது, நீளக் குழலும் பெரிய தோட்டாவும் கொண்ட மூன்றாவதை. உன் உயரமோ என் காது வரை.

"மேடம், அது பீரங்கி மேடம்."

"இருக்கட்டும் ஏட்டையா. கனமா இருக்கறது, சுடறப்ப பின்னால வர்ற உதையில பாதிய தானே வாங்கிக்கும். லேசா இருக்கறதுதான் மொத்தத்தையும் நம்ம மேல தள்ளிவிடும். பிடிதான் மெல்லிசு, கைக்குள்ள ஆடுது."

மறுநாள் சைக்கிள் டியூப் துண்டோடு வந்தாய். பிடியைச் சுற்றி இழுத்துக் கட்டியதும் அது உன் உள்ளங்கையை நிறைத்து உட்கார்ந்தது.

செம்மண் மேட்டில் முதல் பயிற்சி. நான் சுட்டதும் சின்ன ரிவால்வர் துள்ளி என் நெற்றியிலேயே அடித்தது. வயலிலிருந்து கொக்குக் கூட்டம் எழும்பியது. குண்டு போன இடம் அந்தக் கொக்குகளுக்குத்தான் வெளிச்சம். சாயங்காலத்துக்குள் என் நெற்றி வீக்கம் செய்தியாகிவிட்டது: வீட்டுக்காரர் அடித்தாராம்! பல்லியை விரட்டவே என்னைக் கூப்பிடுகிற மனுஷர். பாவம், ஒரு வாரம் தலைகுனிந்து காய்கறி வாங்கப் போனார்.

"இடுப்புல குடத்தை வச்ச மாதிரி பின்னால சாஞ்சு நிக்கறடி," என்றாய். "நடவுல சேத்துல காலை ஊனி முன்னால குனிவோம்ல, அப்படி நில்லு."

"நான் எங்கடி நடவு நட்டேன்?"

"அதான் நெத்தியிலயே எழுதியிருக்கே!"

கீழ்வேளூர்ப் பக்கம், ஊரார் நிலத்தில், கல்லூரி விடுமுறையிலும் அம்மாவோடு நாற்று நட்டவள் நீ. அந்தக் கால்களோடு வந்து நின்றவளை எந்தத் துப்பாக்கி அசைத்துவிடும்?

தேர்வு நாளில் உன் குண்டுகள் ஒன்றுவிடாமல் கறுப்பு வட்டத்துக்குள் போயின. பிறகு அதே ரிவால்வரை, டியூப் சுற்றோடு என்னிடம் கொடுத்தாய். இல்லாத சேற்றில் காலை ஊன்றிக் குனிந்து சுட்டேன். உதைத்தது. ஆனால் சின்னதைப் போல அறையவில்லை. உள்ளங்கையைப் பிடித்துத் தள்ளியது. அறையைத்தான் தாங்க முடியாது, தள்ளலைத் தாங்கலாம். எல்லைக்கோட்டைத் தொட்டுக்கொண்டு தேறினேன்.

ஏட்டையா இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்ப அந்தச் சின்னதை என்ன மேடம் செய்யறது?" என்றார்.

"ஆயுத பூசைக்குப் பொட்டு வைக்க ஆவும், பத்திரமா வைங்க," என்றாய்.

போட்டியிலிருந்து நீ பதக்கத்தோடு வந்தாய், நான் வெயிலில் கறுத்துப்போன முகத்தோடு மட்டும். உன் அம்மா பதக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு உன் கையைத் திருப்பித் தடவி, "நாத்து முடியப் பிரிச்சு நட்ட கைதானே இது," என்றார். அருகில் நின்றதற்கே எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பெருமையில் பங்கு கேட்க எனக்கு எப்போதும் வெட்கம் கிடையாது.

கடைசி நாட்களில், ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் நீ அப்படியேதான் இருந்தாய். வலியை நீ வைத்துக்கொண்டு எங்களுக்குக் கேலியை மட்டும் தந்தாய். நான் அழ வாயெடுத்தபோது, "பின்னால சாயாதடி, முன்னால குனி," என்றாய். குனிந்தேன். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "வீக்கம் வத்திடுச்சு," என்றாய்.

இப்போது நம் மாவட்டத்து அணிக்குப் பெண்கள் வரிசையில் நின்று பெயர் கொடுக்கிறார்கள். முதல் உதையை வாங்கியவள் நீ. எங்களுக்கு வந்ததெல்லாம் வெறும் தள்ளல்.

திங்கட்கிழமை நாகப்பட்டினத்தில் சேர்ந்ததும் கிடங்கில் கையெழுத்துப் போட்டு ரிவால்வர் வாங்க வேண்டும். யாராவது லேசானதை எடுத்து நீட்டுவார்கள். பெரியதைத்தான் கேட்பேன். டியூப் துண்டு சட்டைப்பையில் இருக்கிறது.