சூளைக்கடவின் நாலாவது லைன்

சூளைக்கடவு, பாலக்காடு
12.1.2025

அன்புள்ள தங்கை சிவசங்கரிக்கு,

மோகனசுந்தரம் எழுதுவது. நானும் ஞானஜோதியும் சுகம். மூணாறில் உறைபனி என்று பேப்பரில் பார்த்ததிலிருந்து, "அம்மிணி கம்பளி போட்டுக்குதோ என்னமோ" என்று உன் அக்கா சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

நம் குடியிருப்போர் அசோசியேஷனுக்கு இது நாற்பதாவது வருஷம். ஆண்டு மலர் போடுகிறோம். செயலாளர் என்பதால் ஊர் வரலாறு எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. வடகரப்பதியிலிருந்து நிலக்கடலை மூட்டையோடு வரும் வண்டிகளுக்காக ஆற்றில் தோணி நின்ற இடம் இது. அப்போது பெயர் தோணிக்கடவு. பாலம் வந்ததும் தோணி போயிற்று. செங்கல் சூளைக்காரர்கள் வந்து வயலைத் தோண்டினார்கள், சூளைக்கடவு ஆயிற்று. சூளையும் அணைந்தபின் மேட்டில் எங்களைப் போன்றவர்கள் வீடு கட்டினோம். தோண்டிய பள்ளத்தில் நாலு லைன் வீடுகள் வந்தன. இப்போது கமிட்டியில் சிலர் 'ரிவர் கார்டன்' என்று மாற்றச் சொல்கிறார்கள்.

பள்ளத்து வாழ்க்கையை நீ எழுதினால்தான் சரியாக இருக்கும். பதினொரு வருஷம் இரண்டாவது லைனில் இருந்தவள். கேள்விகளைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். 2018 ஆகஸ்டில் வெள்ளம் வந்த காலையில் எச்சரிக்கை சொல்லும் மைக் வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்பதையும் எழுது. போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை.

அன்பு அண்ணன்,
மோகனசுந்தரம்

மூணாறு
21.1.2025

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

அக்காவிடம் சொல்லுங்கள், கம்பளி போட்டுக்கொள்கிறேன். எஸ்டேட் கிரெச்சில் நான் பார்த்துக்கொள்வது இருபத்திரண்டு பிள்ளைகள். அவர்கள் மேலே ஏறிப் படுத்தாலே குளிர் தெரிவதில்லை.

போனை வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. பேசியதை யாரும் பிறகு மாற்றிச் சொல்லலாம். தாளில் இருந்தால் இருவருக்கும் நல்லது.

பள்ளத்தில் எங்கே கொத்தினாலும் செங்கல் துண்டு வரும். செடி வைத்தால் பிடிக்காது. நாலு லைனுக்கும் சேர்த்து ஒரே குழாய். மழைக்காலத்தில் ஆற்று நண்டு வாசலேறி வந்து அடுப்படியில் உட்கார்ந்திருக்கும். எங்கள் வீட்டுக்காரர் பாண்டி கஞ்சிக்கோட்டுக் கம்பெனியில் லோடு ஏற்றிவிட்டு வந்ததும் நேராக ஆற்றில்தான் இறங்குவார். மேட்டுக்காரர்களின் துணி மிதந்து வந்தால் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பார். கொடுக்க வந்தவரை வாசல் கேட்டுக்கு வெளியே நிறுத்தித்தான் வாங்கிக்கொள்வார்கள். உங்கள் வீடு மட்டும் அப்படியில்லை. உறவில்லாத என்னைத் தங்கை என்றே கூப்பிட்டீர்கள்.

உங்கள் தாளில் பன்னிரண்டு கேள்விகள். பதினொன்று எப்படி இருந்தது, யார் இருந்தார்கள் என்று கேட்கின்றன. ஒன்றுதான் மணி கேட்கிறது. அதன் அடியில் மட்டும் இரண்டு கோடு. ஏன் அண்ணே?

தங்கை,
சிவசங்கரி

சூளைக்கடவு
3.2.2025

அன்புள்ள தங்கைக்கு,

நண்டு விஷயத்தை அப்படியே சேர்த்துவிட்டேன். ஆனால் அடிக்கோடு போட்டதற்கு இவ்வளவு யோசிப்பாய் என்று நினைக்கவில்லை. வரலாறு என்றால் நேரம் வேண்டாமா?

உனக்குச் சிரமம் வேண்டாமென்று நானே ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பு: "அன்று காலை ஐந்தரை மணிக்கு மைக் அறிவிப்பைக் கேட்டு நாங்கள் வெளியேறினோம். பொருள் எடுக்கத் திரும்பிய என் கணவர் பாண்டி வெள்ளத்தில் சிக்கி இறந்தார்."

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. யாராவது உன்னிடம் எதையாவது சொன்னார்களா? லோகேஷ் இப்போது மூணாறுக்கு டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறானாம். உன்னை வந்து பார்த்தானா?

அண்ணன்,
மோகனசுந்தரம்

மூணாறு
14.2.2025

அண்ணனுக்கு,

தாளைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்புகிறேன்.

அவர் பொருள் எடுக்கப் போகவில்லை. எடுக்க எங்கள் வீட்டில் என்ன இருந்தது? தண்ணீர் கட்டில் காலைத் தொட்டபோது நாங்கள் விழித்தோம். எங்களோடு இருந்த, நடக்க முடியாத சாந்தம்மாள் அக்காவைத் தூக்கி மேட்டில் உட்காரவைத்தார். நின்று மூச்சுக்கூட வாங்கவில்லை. "ஏ சங்கரி, நாலாவது லைன்ல ஒருத்தரும் எந்திரிக்கல. தட்டிட்டு வாரேன்" என்றார். அதுதான் கடைசி. நாலாவது லைனில் ஏழு வீட்டுக்காரர்களும் வெளியே வந்தார்கள். அவர் வரவில்லை.

பள்ளத்தை மண் கொட்டி நிரப்பி மனை போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். தண்ணீர் வந்த இடம் என்றால் யார் வாங்குவார்கள்? முன்கூட்டியே சொல்லியும் ஒருவன் ஆசைப்பட்டுத் திரும்பிப் போய்ச் செத்தான் என்று புத்தகத்தில் இருந்தால் மனைக்கு நல்லது. கேட்கவே வாய் கூசுகிறது, அண்ணே. அங்கே உங்களுக்கும் மனை இருக்கிறதா?

இன்னொன்று. லோகேஷ் யாரென்றே எனக்குத் தெரியாது. நான் கேட்காத பெயரை நீங்களாக ஏன் எழுதினீர்கள்?

சிவசங்கரி

சூளைக்கடவு
9.3.2025

சிவசங்கரிக்கு,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். பள்ளத்தில் எனக்கு ஒரு சென்ட்கூட இல்லை. உன் சந்தேகம் உண்மையாக இருந்திருந்தால் எனக்கு இதைவிட நிம்மதி.

அன்று விடியற்காலை, ஆறு ஏறுகிறது, எல்லாரையும் எழுப்புங்கள் என்று வார்டு மெம்பரிடமிருந்து போன் வந்தது. லோகேஷின் ஆட்டோவில் மைக் கட்டினோம். பேசியவன் நான். மேட்டுத் தெரு மூன்றிலும் சொன்னேன். பழைய சூளை வளைவுக்கு வந்தபோது பள்ளத்துக்கு இறங்கும் பாதையை ஓடை வெட்டும் இடத்தில் முழங்கால் தண்ணீர்; வீடுகளை இன்னும் எட்டவில்லை.

"ஏனுங்க, எறங்குனா வண்டி ஏறாதுங்க. நடந்து போய்ச் சொல்லலாமுங்க" என்றான் லோகேஷ்.

நான் தண்ணீரைப் பார்த்தேன். பயந்துவிட்டேன். "அவங்களுக்கு இந்நேரம் தெரிஞ்சிருக்கும். திருப்பு" என்றேன்.

பிறகு நடந்த வெள்ள விசாரணையில் நாலு லைனிலும் அறிவித்ததாகக் கையெழுத்துப் போட்டேன். பொருள் எடுக்கப் போனதாகச் சொன்னதும் நான்தான். நிவாரண முகாமில் உன்னிடம், "மைக் கேட்டுதில்ல அம்மிணி?" என்று கேட்டேன். நீ தலையாட்டினாய். மேட்டில் பேசியது கீழே கேட்டிருக்குமோ என்று அதைப் பிடித்துக்கொண்டே ஆறு வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். வரலாறு எழுத உட்கார்ந்தபோது அந்த இடத்தில் கை நின்றுவிட்டது. உன் கையெழுத்தில் ஒரு வரி இருந்தால் தாண்டிவிடலாம் என்று நினைத்தேன். உன்னிடம் லோகேஷ் முந்திச் சொல்லிவிட்டானோ என்று பயந்தேன்.

நடந்ததை எழுதிக் கமிட்டியில் படித்தேன். மலரில் போட மாட்டோம் என்றார்கள். செயலாளர் பொறுப்பை விட்டுவிட்டேன். அன்று நான் சொன்னது பொய் என்று விசாரணை அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறேன். நகல் இதோடு இருக்கிறது.

முகாமிலிருந்து உன்னை அழைத்து வந்து எங்கள் வீட்டில் ஒரு வாரம் வைத்திருந்தோமே. எல்லாவற்றையும் கேட்டபின் ஞானஜோதி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அந்தப் புள்ளைக்குச் சோறு போட்டது இதுக்குத்தானுங்களா?"

மோகனசுந்தரம்

மூணாறு
27.4.2025

மோகனசுந்தரம் அவர்களுக்கு,

நகலைப் படித்தேன்.

முகாமில் நான் ஏன் தலையாட்டினேன் என்று நீங்கள் கேட்டதே இல்லை. முகாமுக்கு வந்த மேட்டுக்காரர்கள் எல்லாரும் மைக் வந்தது என்றார்கள். தகரக் கூரை, கொட்டுகிற மழை. எனக்குத்தான் காதில் விழவில்லை என்று நம்பினேன். விழுந்திருந்தால் அரை மணி முன்னால் அவரை எழுப்பியிருப்பேன். நாலாவது லைனைத் தட்டிவிட்டு அவர் நடந்தே வந்திருப்பார். இத்தனை வருஷமும் அவரைக் கொன்றது என் தூக்கம் என்றுதான் இருந்தேன். அடிமாலியில் காது டாக்டரிடம் இரண்டு முறை போனேன். ஒரு குறையும் இல்லை என்றார். எனக்காகப் பொய் சொல்கிறார் என்று அவரையும் சந்தேகப்பட்டேன். கிரெச்சில் ஒரு பிள்ளை சிணுங்கினால்கூட எனக்குத்தான் முதலில் கேட்கிறது. அப்போதும் நம்பவில்லை. இப்போது நம்புகிறேன்.

நீங்கள் பயந்ததை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. தண்ணீரைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும். அவரைப் பொருளுக்குப் போனவர் என்று சொன்னீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அக்காவிடம் சொல்லுங்கள். அந்தச் சோற்றைப் போட்டது அக்காவின் கை. அதன் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை.

நாலாவது லைன்காரர்கள் இப்போது எலப்புள்ளிப் பக்கம் இருக்கிறார்கள். ஏழு வீடு. கதவைத் தட்டியபின் அவர் பொருளுக்குத் திரும்பிப் போய்ச் செத்தார் என்றுதான் அவர்கள் பிள்ளைகளும் கேட்டு வளர்கிறார்கள். மனு எழுதினால் மட்டும் போதாது. ஏழு கதவையும் நீங்களே தட்டிச் சொல்லுங்கள். சொல்லி முடித்தபின் எனக்குக் கடிதம் போட வேண்டாம். அவர்கள் சொல்வார்கள்.

பா. சிவசங்கரி