சரிவுப் பாதையில் சிக்கிய கட்டில்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் சுகம், அப்பா சுகம், என் கோபமும் ஒரு குறையில்லாமல் சுகமாகவே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்குப் பதிலைப் போனில் சொன்னால் நடுவில் பேசி மடக்கிவிடுவாய், அதனால்தான் கடிதம். இதை முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும்.

ஒரு கையெழுத்துதானேம்மா என்றாய். உன் மாமனார் கட்டியிருக்கும் ஆஸ்பத்திரிக்கு அனுமதி கேட்கும் ஃபைல் என் மேஜைக்கு வந்த அன்றே, இது சம்பந்தி வீட்டு விவகாரம், வேறு யாருக்காவது கொடுங்கள் என்று மேலதிகாரிக்கு எழுதியே கேட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டடம் பார்க்க உங்களை விட்டா ஆளில்லம்மா, நீங்களே பாத்துடுங்க என்று என் தலையிலேயே கட்டிவிட்டார். சரி, போனேன். சுவரெல்லாம் பளபளவென்று இருந்தது, நம் சம்பந்தி கட்டியதாயிற்றே என்று எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. தீப்பிடித்தால் லிஃப்ட் ஓடாது, மூன்றாவது மாடி நோயாளியைச் சரிவுப் பாதை வழியாகத்தான் கீழே கொண்டுவர வேண்டும். அதனால் ஒரு சக்கரக் கட்டிலைக் கொண்டுவரச் சொல்லி நானே ஏறிப் படுத்துக்கொண்டேன். இந்த வயசுல உனக்கு இது தேவையா என்று உன் அப்பா இன்னும் சிரிக்கிறார். வார்டு ஊழியர்கள் இரண்டு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள், கீழே வரும் கடைசித் திருப்பத்தில் கட்டில் சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை, நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். இறங்கி டேப் பிடித்துப் பார்த்தால் பிளானில் இருப்பதைவிட ஒன்றரை அடி குறைவு. மருந்துக்கடைக்குக் கூடுதலாக ஒரு அலமாரி வரிசை வேண்டுமென்று சுவரைத் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். சம்பந்தி சிரித்துக்கொண்டே, நாலு பேரு தூக்கித் திருப்பினா முடிஞ்சுது, இதுக்குப் போயா சம்பந்தியம்மா என்றார். மூன்றாவது மாடியில் பன்னிரண்டு கட்டில், ராத்திரி வேலைக்கு இரண்டு நர்ஸ், அந்த நாலு பேர் யார் என்று கேட்டேன். அளவை எழுதி, சுவரை இடித்துக் கட்டும்வரை அனுமதி இல்லை என்று அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆக, நீ கேட்ட கையெழுத்தை எப்போதோ போட்டுவிட்டேன், போட்ட இடம்தான் வேறு.

அன்றிலிருந்து உன் மாமியார் என் போனை எடுப்பதில்லை, அது போகட்டும். ஆனால் நீ, இப்படியே போனால் லீவுக்குப் பாப்பாவைக் கூட்டிவருவது சிரமம்மா என்று இழுத்தாயே, அது சுருக்கென்று தைத்தது. ஏழு மாதப் பிள்ளையைப் போனில்தான் பார்த்திருக்கிறேன், ஒரு தடவை தூக்க வேண்டுமென்று கை துடிக்கிறது. அது தெரிந்துதானே அந்த இடமாகப் பார்த்துப் பிடித்தாய்? இந்த வித்தையை நான் உனக்குச் சொல்லித்தரவில்லை. நான் ரிட்டயராக இன்னும் மூன்று மாதம்தான், அதுவரை பொறுத்துக்கொண்டால் அடுத்து வருகிறவரைச் சரிக்கட்டிவிடலாம் என்று சம்பந்தி நினைக்கிறாராம். அளவுகளின் நகலை மேலிடத்துக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் அனுப்பிவிட்டேன், எவர் வந்தாலும் அதைப் பார்க்காத மாதிரி இருக்க முடியாது.

மருமகளை இதற்காக ஒரு வார்த்தை சொல்லிவிடாதே, அவள் என்ன செய்வாள். என் சார்பில் யாரிடமும் மன்னிப்பும் கேட்காதே. முதுகுவலியை இழுத்துக்கொண்டே போகாமல் டாக்டரைப் பார். மூன்று பேரும் நீண்ட ஆயுசோடு நன்றாக இருங்கள், என் ஆசீர்வாதத்துக்கு எந்த நிபந்தனையும் கிடையாது. பாப்பாவைக் காட்டவில்லை என்றால் அழுவேன், அதை மறைக்கப்போவதில்லை. அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு ஆபீஸுக்குப் போய், அந்த ஃபைல் அப்படியே மறுபடி வந்திருந்தால் மறுபடியும் திருப்பி அனுப்புவேன்.

உன் அம்மா