உன் பங்கையும் தின்றவள்

பால் கொடுக்கும் தாய்க்கென்று கிளினிக்கில் என் மகளுக்குக் கொடுத்த திரிபோஷா சத்துமாவை இன்று காலை சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டுப் பிசைந்தேன். அந்த மாவின் வாசம் மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது. நீ போய் மூன்று வருடமாகிறது. எனக்குக் கண்ணீர் வரவில்லை. பழைய எரிச்சல்தான் வந்தது.

நம் சின்ன வயதில் நிறை குறைந்த பிள்ளைக்கு மட்டும்தான் அந்த மாப் பொட்டலம். நம் இருவரில் அது நீ. ஒரே வயிற்றிலிருந்து பத்து நிமிட இடைவெளியில் வந்தோம். நான் கொழுகொழுவென்று வந்தேன். நீ ஒரு கைக்குள் அடங்கிவிடுவாயாம். யட்டவத்தைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் நம் வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா என்னைக் காட்டிச் சொல்வார்: “வயித்துக்குள்ளயே இவ தங்கச்சி பங்கையும் சேத்துத் தின்னுட்டா.” எல்லோரும் சிரிப்பார்கள். உனக்குத் திரிபோஷா உருண்டை, எனக்குத் தண்ணீர்க் குடம். உன் புத்தகப் பையும் என் தோளில்தான். இருவரில் ஒருத்தியைத்தான் மேலே படிக்கவைக்க முடியும் என்றானபோது, “அவளுக்கு மலையேற ஒடம்பு இல்ல” என்று அம்மா உன்னை அனுப்பினார். நான் கொழுந்து பறிக்கப் போனேன். கணக்கில் உன்னைவிட எனக்குத்தான் புள்ளி அதிகம். அது உனக்கும் தெரியும்.

நீ லக்கலவில் டீச்சரானதும் உனக்குப் பால்மாவும் முறுக்கும் தூக்கி வந்தவளும் நான்தான். ஒருநாள் திரும்பும் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது சொன்னாய்: “உன்னப் பாத்தா பொறாமையா இருக்குடி. உன்ன யாரும் பாவம்னு சொன்னதில்ல.” பொறாமையைக்கூட எனக்கென்று விட்டுவைக்க மாட்டாயா என்று நினைத்தேன்.

உன் இதயம் நின்ற நாளில் அம்மா உன்மேல் விழுந்து கதறினார். உன் காலடியில் நின்றபடி, நான் செத்திருந்தால் இப்படி அழுவாரா என்று யோசித்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இந்த வருடம் மகளுக்கு இரட்டைக் கர்ப்பம். ஏழாம் மாதம் மாத்தளையில் ஸ்கேன் பார்த்த டொக்டரம்மா, ஒரு பிள்ளை நன்றாக வளர்கிறது, மற்றது பின்தங்கியிருக்கிறது என்றார். என் வாய் முந்திக்கொண்டது: “பெருசு சின்னதோட பங்க தின்னுருச்சா?”

அவர் சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். நச்சுக்கொடியில் சின்னதுக்குக் கிடைத்த பகுதி சிறியதாம். அதனால் அதற்குப் போகும் இரத்தமும் குறைவாம். பெரியது எதையும் பறிக்கவில்லையாம். அடிக்கடி ஸ்கேன் பார்த்து, தேவைப்பட்டால் முன்கூட்டியே எடுப்போம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் படுக்கையில் கிடந்த அம்மாவிடம் போனேன்.

“நான் தங்கச்சி பங்க தின்னலம்மா. டொக்டர் சொல்லிட்டாங்க.”

அம்மா கூரையைப் பார்த்தபடி சொன்னார்: “எனக்கு எப்பவோ தெரியும். வயித்துப் புள்ளைய ஒழுங்கா வளக்கத் தெரியலன்னு எம் மாமியா, உங்க அப்பாயி, என்னைய ஏசுனாங்க. பொறுக்க முடியாம ஒம்மேல போட்டேன். நீ தெம்பா இருந்த. தாங்கிக்குவன்னு நெனச்சேன்.”

நாற்பத்தெட்டு வருடம் தாங்கியிருக்கிறேன். உன்னை மட்டும் ஒரு நாளும் யாரும் எதையும் தாங்கச் சொல்லவில்லை.

பிள்ளைகளை ஒரு மாதம் முன்னதாகவே எடுத்தார்கள். சின்னவள் மூன்று கிழமை கண்ணாடிப் பெட்டியில் இருந்து தேறினாள். இப்போது இரண்டு பேரும் வீட்டில். இன்று பகல் இருவரும் ஒன்றாக அழுதார்கள். என் கை தானாகச் சின்னவளிடம் போனது. தூக்கி நெஞ்சில் போட்ட பிறகுதான் பெரியவளைப் பார்த்தேன். முகம் சிவந்து, கைகாலை உதறிக் கத்திக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. சின்னவளை மகளிடம் கொடுத்துவிட்டுப் பெரியவளை எடுத்தேன். நல்ல கனம். தோளில் சாய்ந்ததும் அடங்கிவிட்டாள்.

உன்மேல் உள்ள பொறாமை இன்னும் போகவில்லையடி. நீ இருந்திருந்தால் உன்னோடு சண்டைபிடித்தே தீர்த்திருப்பேன். நீ இல்லை, அதனால் வைத்துக்கொண்டிருக்கிறேன்.