பதினோரு கடிதங்களுக்கு ஒரு பதில்

சிதம்பரம்
ஆடிப்பெருக்கு

அன்புள்ள செம்பியனுக்கு,

அப்பா சிங்காரம் எழுதுவது. நானும் அம்மாவும் தங்கச்சி பொன்னியும் சௌக்கியம். கொல்லிமலைக் குளிரில் உனக்குச் சளி பிடித்துக் குறைந்துவிட்டது என்று தெரியும். உன் அம்மா தினமும் சமையல்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உன்னோடு போனில் பேசுகிறாளே, எனக்குக் காது கேட்காது என்று நினைப்பு. நானும் மூன்று தடவை உன் நம்பரைப் போட்டேன். ரிங் போவதற்குள் நானே கட் செய்துவிட்டேன். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

முப்பத்தோரு வருஷம் அண்ணாமலை நகரில் பல்கலைக்கழக ஆபீஸில் கோப்பு எழுதினவன் நான். எந்தக் கடிதத்துக்கும் மேலே ‘பார்வை’ என்று ஒரு வரி போடாமல் கை ஓடாது. இதற்கும் போடலாம் என்றால், பார்வையில் காட்ட வேண்டிய உன் கடிதம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. பதினொன்றையும் வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். நம் தெருப் போஸ்ட்மேன் ஆரோக்கியராஜ் முதல் தடவை தயங்கினார். சார், தம்பி போட்டிருக்கார் போல, கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க என்றார். ‘வாங்க மறுத்தார்’ என்று எழுதிக்கொண்டு போய்யா என்று கத்தினேன். அந்தக் கவர்கள் எல்லாம் உன் மலை ஆபீஸுக்கே போய் உன் பையிலேயே விழும், நீயே உனக்குப் பட்டுவாடா செய்துகொள்ள வேண்டும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை என்று எழுதினால் அது பொய். தோன்றியது. அனுபவிக்கட்டும் என்றே நினைத்தேன்.

அவ்வளவு கோபம் எதற்கு என்று நீ கேட்டதில்லை. எம்.இ. படித்துவிட்டு பெங்களூரில் ஏசி ரூமில் உட்கார்ந்திருந்த பையன், அந்த வேலையை விட்டுவிட்டு மலையில் போஸ்ட்மேன் ஆகிறேன் என்றால் எந்த அப்பனுக்குத்தான் தாங்கும்? யாருக்காக வேலை செய்கிறோம் என்றே அங்கே தெரியவில்லை, இங்கே கதவைத் தட்டினால் ஒரு முகம் தெரிகிறது என்று நீ சொன்னாய். அது என் காதில் ஏறவில்லை. ஊர் சொன்னதுதான் ஏறியது. கம்பெனியில் துரத்திவிட்டார்களா என்று ஒருத்தன் கேட்டான். காதல் தோல்வியா என்று இன்னொருத்தன். என்னோடு ரிடையர் ஆன ஒருவர், நல்ல டாக்டரிடம் காட்டுங்க சிங்காரம் என்று ஒரு போன் நம்பரே எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு நான் மேலவீதி டீக்கடைக்குப் போவதையே விட்டேன்.

பொன்னிக்குக் கடலூர் இடம் வந்தது உனக்குத் தெரியும். மஞ்சக்குப்பம் வைத்திலிங்கம் மகன் கதிரவன். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர், தங்கமான பையன். பையனுக்கு மச்சான் என்ன பண்றார் என்று வைத்திலிங்கம் கேட்டபோது, பெங்களூரில் சாஃப்ட்வேர் என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் உண்மையாக இருந்ததைத்தானே சொன்னோம் என்று நானே எனக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டேன். உன் அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

இனி எழுதப்போவதை அம்மா உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள். நானே சொல்கிறேன் என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

ஆனி மாசம் கடைசியில் வெற்றிலை பாக்கு மாற்ற அவர்கள் நம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இருபது பேர். கூடத்தில் பாய் விரித்துத் தட்டு வைத்து, வைத்திலிங்கம் தட்டில் கை வைக்கப் போகும் நேரம், வாசலில் மூன்று பேர் வந்து நின்றார்கள். ஒரு அப்பா, ஒரு அம்மா, ஒரு பெண். அந்த மனுஷர் தோளில் சாக்கில் கட்டிய பெரிய பலாப்பழம். வேர்த்து ஒழுகியது அவருக்கு. கொல்லிமலையிலிருந்து வருகிறோம், போஸ்ட்மேன் செம்பியன் சாரோட அப்பா வீடு இதுதானுங்களா என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

நான் எழுந்து வாசலுக்குப் போனேன். இல்லையே, நீங்க வீடு மாறி வந்திருக்கீங்க என்றேன்.

இதைத்தான் எழுத முடியாமல் இரண்டு வாரமாகத் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தேன், செம்பியா. பெற்ற பிள்ளையை எனக்குத் தெரியாது என்று என் வாயால் சொன்னேன். அந்த மனுஷர் என்னைக் கும்பிட்டார். மன்னிச்சுக்குங்க சாமி என்று சொல்லி, இறக்கப்போன பழத்தை மறுபடியும் தோளில் ஏற்றிக்கொண்டு வெயிலில் திரும்பி நடந்தார்.

உள்ளேயிருந்து உன் அம்மா வந்தாள் பார், பட்டுப்புடவையோடு, செருப்புக்கூடப் போடாமல். தெருமுனை வரைக்கும் ஓடிப்போய் மூன்று பேரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து கூடத்தின் நடுவில் நிறுத்தினாள். இதுதான் செம்பியன் வீடு, நான்தான் அவனைப் பெத்தவ, இவர் அவன் அப்பா என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. வைத்திலிங்கம் முகத்தை நான் பார்க்கவில்லை. எனக்குத் தரையைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் பாவை என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். அவள் அப்பாதான் பேசினார். எங்க ஊர்ல செல்போன் டவர் எடுக்காது, விவசாயப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தது உங்க பையன்தான், சீட்டுக் கிடைச்ச கடுதாசி வந்த அன்னைக்கு மண் சரிஞ்சு பஸ் இல்ல, மழையில ஏழு கிலோமீட்டர் நடந்து வந்து கொடுத்தார், இல்லேன்னா தேதி போயிருக்கும் என்றார். இப்போது அண்ணாமலை நகர் ஹாஸ்டலில் பெண்ணைச் சேர்த்துவிட்டு நேரே வருகிறார்கள். எங்க ஊருக்குள்ள வந்து, வாசல்ல நின்னு, எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட முதல் சர்க்கார் ஆளு உங்க மகன்தானுங்க என்றார்.

அதோடு விட்டிருந்தாலும் நான் எப்படியாவது நிமிர்ந்திருப்பேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். உன் ரூமில் கவர்க்கட்டு ஒன்றைப் பார்த்தாராம். மேலே என் பெயரும் விலாசமும் இருந்ததாம். நான்தான் மாசாமாசம் உனக்கு எழுதுகிறேன் என்று நினைத்துவிட்டார் பாவம், படிக்கத் தெரியாத மனுஷர். நீங்க கடுதாசி போட்டு தெம்பு கொடுக்கிறதாலதான் அவரு மலையில தனியா கிடக்கிறாரு, அப்படி எழுதுற அப்பாவைக் கண்ணால பார்க்கணும்னுதான் வந்தோம் என்றார். அந்த விலாசத்தைப் பார்த்து எழுதி வைத்தவள் பாவை. படித்த பெண். ‘வாங்க மறுத்தார்’ என்று கவரில் இருந்ததை அவள் பார்த்திருக்க மாட்டாளா? அப்பா பேசி முடிக்கும் வரைக்கும் அவள் தலையே நிமிரவில்லை. இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

வைத்திலிங்கம் தட்டைத் தொடவில்லை. எம்.இ. படிச்சிட்டு போஸ்ட்மேனா, அதையும் மறைச்சீங்களா என்று அவர் மனைவி கேட்டார். யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து போய்விட்டார்கள். இருபது பேருக்கு வடித்த சோறு அப்படியே இருந்தது. பொன்னி அழுவாள் என்று பார்த்தேன். அவள் பாவைக்கு இலை போட்டுக்கொண்டிருந்தாள். உன் அம்மா பண்ருட்டிப் பக்கம் அண்ணாகிராமத்துப் பலாத்தோப்புக்குள் பிறந்தவள் இல்லையா, அவளுக்கே ஒருத்தர் மலையிலிருந்து பலாப்பழம் சுமந்து வந்திருக்கிறார் என்று அந்தக் கஷ்டத்திலும் சிரிப்பு. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அரிந்தாள். இரண்டு சுளை தின்றுவிட்டு, பண்ருட்டிப் பழம் இதுக்குக் கிட்ட வராது என்றாள். அவள் வாயில் இப்படி ஒரு வார்த்தை கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டதில்லை.

அவர்கள் போன பிறகு எனக்கு உன் தாத்தா ஞாபகமாகவே இருந்தது. அவர் கைநாட்டு. நம் தெருவுக்குள் அந்தக் காலத்தில் போஸ்ட்மேன் வரமாட்டார். ஊர்த்தெருக் கடையில் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். உன் தாத்தா அங்கே போய், துண்டை இடுப்பில் கட்டி, யாராவது எடுத்துக் கொடுக்கும் வரை தள்ளியே நிற்பார். அதைப் பார்த்துத்தான் நான் படித்தேன், உன்னையும் அடித்துப் படிக்கவைத்தேன். நாம் ஏறி வந்ததையெல்லாம் நீ இறங்கிவிட்டாய் என்று இரண்டு வருஷம் குமைந்தேனே, மடையன் நான். அன்று நம் வாசலுக்கு வராத அந்தப் போஸ்ட்மேனாகவே நீ ஆகியிருக்கிறாய், ஆகி எல்லார் வாசலுக்கும் போகிறாய். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒருத்தர் பலாப்பழம் தூக்கி வர வேண்டியிருந்தது.

எட்டு நாள் கழித்து வைத்திலிங்கம் போன் செய்தார். பையன் பொன்னியைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறான், எங்களுக்கும் சம்மதம் என்றார். ஒன்றே ஒன்று, உறவுக்காரர்களிடம் சாஃப்ட்வேர் என்று சொல்லியாகிவிட்டது, பத்திரிகையில் அப்படியே இருக்கட்டும் என்றார். உண்மையைச் சொல்கிறேன், நானும் சரி என்றேன். கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயம். பிரஸ்ஸில் புரூஃப் கொடுத்தார்கள். உன் பெயருக்குக் கீழே ‘சாஃப்ட்வேர் இன்ஜினியர், பெங்களூர்’ என்று இருந்தது. முப்பத்தோரு வருஷம் சர்டிபிகேட்டில் ஒரு எழுத்துத் தப்பு இருந்தால்கூடச் சிவப்பு மையால் அடித்தவன் இதை எப்படி அனுப்புவேன்? அங்கேயே பிரஸ்காரர் பேனாவை வாங்கி அடித்தேன். ‘செம்பியன், எம்.இ., கிராம அஞ்சல் ஊழியர், கொல்லிமலை’ என்று எழுதினேன்.

அச்சாவதற்கு முன் அந்தப் புரூஃபை எடுத்துக்கொண்டு கடலூர் பஸ் ஏறினேன். பொய் சொன்னவன் நான்தானே, முகத்தைப் பார்த்து நானே காட்ட வேண்டும் என்று. வைத்திலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். ஊர் சிரிக்கும் என்றார் அவர் மனைவி. அப்போது மாப்பிள்ளை உள்ளேயிருந்து வந்தார். மச்சான் உத்தியோகத்தைக் கேட்டு நான் பொண்ணு கேக்கலம்மா என்றார். போன மழைக்கு லைன் அறுந்த ஊருக்கெல்லாம் என்னோட வந்தவங்க பாதிப் பேர் ஒப்பந்த ஆளுங்க, அதுல டிகிரி படிச்சவங்களும் இருக்காங்க, அவுங்களைப் பார்த்தும் சிரிப்பீங்களா என்றும் கேட்டார். அந்த அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது, போகப் போகச் சரியாகும். வைத்திலிங்கம் கடைசியில் சரி என்றார். ஆனால் பத்திரிகையில் போட்டால் மட்டும் போதாது சம்பந்தி, ஆளைக் காட்டணும், மாப்பிள்ளை கையைப் பிடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டு வர மச்சான் நிக்கணும் என்றார்.

பாவை ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில்தான் சாப்பிடுகிறாள். ஹாஸ்டல் சாம்பாரை உன் அம்மா எடைபோட்டு ஃபெயில் ஆக்கிவிட்டாள். நான் மேலவீதி டீக்கடைக்கு மறுபடி போகிறேன். பையன் என்ன பண்றான் என்று யாரும் கேட்காவிட்டாலும் நானே ஆரம்பித்துவிடுகிறேன், ஜாஸ்தியாகவே பேசுகிறேன் போல, என்னைப் பார்த்ததும் இரண்டு பேர் எழுந்து போகிறார்கள். போகட்டும். உனக்கு நான் நன்றி சொல்ல வேண்டும், அப்பன் மகனுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. நான் திருப்பி அனுப்ப அனுப்ப, மறுமாசம் மறுபடியும் எழுதினாயே, அதற்காகச் சொல்கிறேன். பதினோரு தடவை என் பிள்ளை என்னை விடவில்லை.

ஆவணி பதின்மூன்றாம் தேதி கடலூரில் முகூர்த்தம். மஞ்சள் தடவிய முதல் பத்திரிகையைக் குலதெய்வத்திடம் வைத்து எடுத்து, உனக்கே இதோடு அனுப்புகிறேன். பதில் ஆள் வைத்துவிட்டு லீவில் வரலாம் என்று ஆரோக்கியராஜிடம் விசாரித்துவிட்டேன். வரும்போது அந்தப் பதினொன்றையும் எடுத்து வா. எனக்குக் கண் கொஞ்சம் மங்கல், இருந்தாலும் நானே படிக்க வேண்டும். நீயும் உன் பையைத் தூக்கும் தோளும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் தில்லைக்காளியை வேண்டிக்கொள்கிறோம்.

கவர் மேலே உன் பெயர், படிப்பு, உத்தியோகம் எல்லாம் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன், வழியில் எடுப்பவர்கள் எல்லாரும் படிக்கட்டும். ஸ்பீட் போஸ்ட்டில்தான் போடுகிறேன். இது உன் பையில்தான் வந்து விழும், நீதான் உனக்குப் பட்டுவாடா செய்துகொள்ள வேண்டும். அப்பன் செய்ததை மனசில் வைத்து, ‘வாங்க மறுத்தார்’ என்று மட்டும் எழுதிவிடாதே அய்யா. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்.

உன் வரவை வாசலில் பார்த்திருக்கும்
அப்பா
சிங்காரம்