பலகையில் இல்லாத பெயர்

இஞ்சாரும்,

நீர் கனடாவுக்கு நம் மகளிடம் போன பிறகு நான் எழுதப் படித்துவிட்டேன். இது என் முதல் கடிதம்.

ஆற்றங்கரைச் சந்தையடியில் நம் ஊரின் வரலாறென்று பலகை நட்டிருக்கிறார்கள். எழுத்துக் கூட்டி நானே வாசித்தேன். அந்தச் சந்தோஷம் கடைசி வரி வரை நிலைக்கவில்லை. இடம்பெயர்ந்து திரும்பிய கோடையில், வறண்ட ஆற்றுக்குள் சாக்கு விரித்து வெங்காயம் விற்று, இந்தச் சந்தையைத் தொடக்கி வைத்தவர் நீர். பலகையிலோ முதலாளிமாரின் பெயர்கள்தான்.

பலகை நட்ட பிரதேச சபைக்காரரிடம் கேட்டேன். “அப்பு, பலகையிலை இடம் காணாது” என்கிறார்.

அடியில் உம்முடைய பெயரை வெண்கட்டியால் எழுதிவிட்டேன். மகள் உம்முடைய விசாவை மறுபடியும் நீட்டுகிறாளாம். இன்னும் எத்தனை தரம்? மாரி வந்தால் ஆறு ஓடும், பெயர் அழிந்துபோகும். அதற்கு முன் வந்து பாரும்.

இப்படிக்கு,
கைநாட்டென்று நீர் பகிடி பண்ணிய உம்முடைய மனுசன்