மாம்பலம் ஸ்டேஷன் எடைச் சீட்டு

சாந்தோம்,
30-4-1944

அன்புள்ள உங்களுக்கு,

சேசுவுக்குத் தோத்திரம். முப்பது ராத்தல் எடை குறையாவிட்டால் என் இருதயம் தாங்காது என்று டாக்டர் சொன்னார். நீங்கள் பட்டாளத்துக்கு ரயிலேறிய அன்று, குறைத்துக் காட்டுகிறேன் என்று சத்தியம் செய்தேன். தினமும் அடையாறு வரை நடந்தேன். வாராவாரம் மாம்பலம் ஸ்டேஷன் மெஷினில் எடை பார்த்தேன். மாதக்கணக்கில் சீட்டில் அதே எண்தான். அழுதுகொண்டே நடந்தேன்.

தபசு கால நோன்பில் எடை சட்டென்று இறங்கிற்று. “இன்னா ஒருசந்தி இருந்தியோ, பாதியாயிட்டே,” என்றாள் பக்கத்து வீட்டு ஐரின். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஈஸ்டர் முடிந்து மூன்று வாரமாகிறது. இப்போது மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிடுகிறேன். இருமல் விடாததால் நடப்பதையும் நிறுத்திவிட்டேன்.

நேற்றைய சீட்டின்படி, நான் சத்தியம் செய்ததற்கு மேலும் பன்னிரண்டு ராத்தல் குறைந்திருக்கிறது. ஐரினிடம் காட்டவில்லை.

லீவு கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி